ஜூன் திறப்புக்கு முன் ஒன்றாம் வகுப்பு அறையைத் தயார் செய்வது: புதிதாகச் சேரும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு

நியமன ஆணை வாங்கி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேரப் போகிறவர்களுக்காகவும், மாறுதலில் வந்து பழக்கமில்லாத கட்டடத்தில் 1 முதல் 3 வரை உள்ள வகுப்புகளை ஏற்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஆசிரியர் பயிற்சியில் துணைக்கருவி செய்யச் சொல்லித் தருகிறார்கள். பெயிண்டருக்குக் கூலி கொடுத்தால் எந்தச் சீட்டில் கையெழுத்து வாங்குவது, உடைந்த மேசையை வெளியே போடலாமா கூடாதா, பலகையில் சாக்பீஸ் வழுக்கினால் என்ன செய்வது என்பதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டு, சில இடங்களில் பேச்சும் வாங்கித் தெரிந்துகொண்டவை இவை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்று. பள்ளி திறக்கும் நாளில் உங்கள் அறைச் சுவரில் பாதி காலியாக இருக்க வேண்டும். அந்தப் பாதி பிள்ளைகள் வரைவதற்கும் எழுதுவதற்கும். மே மாதமே மூலை முடுக்கெல்லாம் ஒட்டி முடித்துவிட்டால் ஜூலையில் அவர்கள் வரைந்ததை மாட்ட இடம் இருக்காது. கீழே வருகிற செலவு, நேரக் கணக்கு எல்லாமே இதை மனதில் வைத்துச் சொன்னவைதான்.

1. முதலில் சாவி, பதிவேடு, அப்புறம்தான் பெயிண்ட்

அறையைத் திறந்து பார்த்ததும் சுத்தம் செய்யக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். தலைமையாசிரியரிடம் (எச்.எம்.) பொருள் இருப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அந்த அறையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேசை, நாற்காலி, பீரோ, மின்விசிறி, டி.வி. அல்லது ஸ்மார்ட் போர்டு, கணித உபகரணப் பெட்டி, நூலகப் புத்தகங்கள் என எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்து, இருப்பது இல்லாதது இரண்டையும் குறித்து, எச்.எம். கையெழுத்தோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் அறையின் நாலு மூலையையும் படம் எடுத்து வையுங்கள். நாளைக்குத் தணிக்கையில் ஒரு பொருளைக் காணோம் என்றால் அந்தப் பட்டியல்தான் உங்களுக்குத் துணை.

இங்கே எல்லோரும் விழுகிற குழி ஒன்று உண்டு. மூன்று காலோடு நிற்கும் பெஞ்சு, கரையான் அரித்த மேசை போன்றவற்றை இடத்தை அடைக்கிறதே என்று பழைய இரும்புக் கடைக்காரரிடம் தள்ளிவிடக் கூடாது. பதிவேட்டில் இருக்கும் வரை அது அரசுச் சொத்து. பயனற்ற பொருள் பட்டியல் தயாரித்து, வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதி, அனுமதி வந்த பிறகுதான் கழிக்க முடியும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வேறு அறையிலோ தாழ்வாரத்தின் ஓரத்திலோ, பிள்ளைகள் ஏறி விளையாட முடியாதபடி அடுக்கிவிடுங்கள்.

அதோடு கூரை, சுவரையும் பாருங்கள். சுவரில் குறுக்கு வெடிப்பு, மேற்கூரையில் கம்பி தெரிவது, ஜன்னல் மேல் சன்ஷேடு தொங்குவது என ஏதாவது இருந்தால் அலங்காரத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். வாயால் சொல்லிவிட்டேன் என்று இருக்காமல் எச்.எம். மூலம் எழுத்தில் கொடுங்கள். அப்படிப்பட்ட அறையில் பிள்ளைகளை உட்காரவைக்காதீர்கள், பெயிண்டும் அடிக்காதீர்கள். பளபளவென்று பெயிண்ட் அடித்த வெடிப்பு யார் கண்ணிலும் படாது.

2. நாள் கணக்கு

பள்ளி திறக்கும் தேதியை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2023-இல் வெயிலால் தள்ளிப்போய் 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகள் ஜூன் 14-இல்தான் தொடங்கின. 2024-இல் ஜூன் 10. 2025-இல் தள்ளிவைக்காமல் ஜூன் 2-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். ஆகவே ஜூன் 1 என்றே வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள்.

பெயிண்டரை ஏப்ரல் கடைசியிலேயே பேசி வைத்துவிட வேண்டும். வைகாசியில் கல்யாண வீடுகள், கோயில் திருவிழா என்று அவர்களுக்கு வேலை குவியும். மே 20-க்குள் பெயிண்ட் முடிந்தால் வாசனை போக, காய, ஜன்னலைத் திறந்து வைக்க நேரம் கிடைக்கும். மே கடைசி வாரம் துப்புரவு. கடைசி இரண்டு மூன்று நாளில்தான் ஒட்டுவது, தொங்கவிடுவது. நீங்களே ஜூனில்தான் பணியில் சேருகிறீர்கள் என்றால் பெயிண்டை மறந்துவிடுங்கள். பலகையையும் தரையையும் மட்டும் பாருங்கள். காலாண்டு விடுமுறை இருக்கிறது, அப்போது அடித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது எனாமல் அடிப்பது மட்டும் வேண்டாம்.

3. பணம் எங்கிருந்து வரும், எந்தத் தாள் வேண்டும்

ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்று ஒன்று சமக்ர சிக்ஷா திட்டத்தில் வருகிறது. மாணவர் எண்ணிக்கைப்படி 30 வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000 என்பது கணக்கு. இதில் பத்து சதவீதமாவது தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். சின்னப் பள்ளி என்றால் ஆயிரம் ரூபாய் பினாயிலுக்கும் துடைப்பத்துக்கும் போய்விடும். மீதி 9,000-த்தில் சாக்பீஸ், பதிவேடுகள், குழாய் ரிப்பேர், பல்பு எல்லாம் அடக்கம். உங்கள் அறைக்கென்று இரண்டாயிரம் கிடைத்தால் பெரிய விஷயம். அதுவும் ஜூனில் கையில் இருக்காது. மானியம் வருவது பெரும்பாலும் கல்வியாண்டு பாதி ஓடிய பிறகுதான்.

ஆகவே ஆர்வத்தில் சொந்தக் காசைப் போட்டுவிட்டு, மானியம் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்:

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்ட பிறகு செய்த செலவுதான் செலவு. தீர்மானத் தேதிக்கு முந்தைய பில்லை வைத்துப் பணம் எடுக்க முடியாது. ஏப்ரல் கூட்டத்திலேயே "வகுப்பறைக் கரும்பலகை புதுப்பித்தல், சுவர் வண்ணம் பூசுதல்" என்று ஒரு வரி எழுதவைத்துவிடுங்கள். தொகையையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

பில் உங்கள் பெயரில் இருக்கக் கூடாது. "தலைமையாசிரியர், ஊ.ஒ.தொ. பள்ளி" என்று ஊர் பெயரோடு இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண் அச்சடித்த பில்லாக வாங்குங்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தருகிற எஸ்டிமேட்டை ரொக்கப் பதிவேட்டில் யாரும் ஏற்க மாட்டார்கள். மானியப் பணம் இப்போதெல்லாம் கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போவதால் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. கோடு இரண்டையும் வாங்கும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துப் போய்க் கேட்டால் கடைக்காரர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

பெயிண்டர், கொத்தனாரிடம் பில் புத்தகம் இருக்காது. அவர்களுக்குக் கூலிச் சீட்டு: பெயர், ஊர், செய்த வேலை, எத்தனை நாள், தொகை எழுத்திலும் எண்ணிலும், கையெழுத்து. தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படத்தை அச்சடித்துச் சீட்டோடு பின் பண்ணிவைத்தால் தணிக்கையில் கேள்வியே வராது.

நன்கொடை விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஊர்க்காரர்கள் நல்ல மனதோடு கையில் இரண்டாயிரத்தைத் திணிப்பார்கள். வாங்காதீர்கள். பணமாகத் தர விரும்புகிறவர்களை ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் இணையதளத்துக்கு அனுப்புங்கள். மற்றவர்களிடம் பொருளாகக் கேளுங்கள். பொருள் வந்த அன்றே நன்கொடைப் பதிவேட்டிலும் இருப்புப் பதிவேட்டிலும் ஏற்றி, எச்.எம். கையெழுத்தோடு ஒரு ரசீது கொடுத்துவிடுங்கள்.

உங்கள் ஊரில் கல்விச் சீர் எடுக்கும் வழக்கம் இருந்தால் யோகம். மேளதாளத்தோடு தட்டுகளில் பொருள்களை ஏந்தி ஊரே பள்ளிக்கு வரும். என்ன வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மூன்று சுவர்க் கடிகாரமும் ஆறு பிளாஸ்டிக் குடமும் வந்து சேரும். ஒரு பட்டியல் எழுதி மேலாண்மைக் குழுத் தலைவரிடம் கொடுங்கள். பாய் இத்தனை, மூடி போட்ட தண்ணீர் டிரம் ஒன்று, புத்தகம் மாட்டும் கம்பி ஸ்டாண்டு, முகம் பார்க்கும் கண்ணாடி, நகவெட்டி, சீப்பு என்று விவரமாக இருக்கட்டும். "ஏதாவது செய்யுங்க" என்று சொன்னால் ஏதாவதுதான் வரும்.

4. ஒட்டடைக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை

ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த அறை. கதவை அகலத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள். பீரோவுக்குப் பின்னால், சுருட்டிவைத்த பாய்க்குள், பலகைக்கும் சுவருக்கும் இடையில் எதிலும் வெறும் கையை விடாதீர்கள். கம்பால் தட்டிப் பாருங்கள். பாம்பு, தேள் இரண்டும் இந்த இடங்களைத்தான் தேடி வரும். குளவிக் கூடு மின்விசிறியின் மேல் மூடிக்குள்ளும் சுவிட்சு போர்டு ஓட்டைக்குள்ளும் இருக்கும். பெரிய கூடு என்றால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். தீப்பந்தம் கொளுத்துகிற வீரம் வேண்டாம்.

மின்விசிறியைப் போட்டுப் பாருங்கள். கொக்கியில் துரு இருக்கிறதா, ஓடும்போது ஆடுகிறதா என்று கவனியுங்கள். பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில் சுவிட்சு போர்டு உடைந்திருந்தால் எலக்ட்ரீஷியன் வந்து போகும்வரை மெயினை அணைத்து வையுங்கள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட, புல் செதுக்க, கழிப்பறையைச் சுத்தம் செய்ய ஊராட்சிச் செயலரிடம் எச்.எம். ஒரு கடிதம் கொடுத்தால் தூய்மைக் காவலர்களை அனுப்புவார்கள். திறப்புக்கு முந்தைய வாரம் எல்லாப் பள்ளியும் கேட்கும், அதனால் பத்து நாள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.

இதில் ஒரே ஒரு கறாரான விதி: பிள்ளைகளைத் துப்புரவுக்கோ பெயிண்டுக்கோ கூப்பிடாதீர்கள். லீவில் சும்மாதானே திரிகிறார்கள், ஆசையாக ஓடி வருவார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் கூடாது. ஒரு பிள்ளை ஸ்டூலிலிருந்து விழுந்தால் போதும். யாராவது வீடியோ எடுத்துப் போட்டால் விளக்கம் கேட்டு மெமோ வரும்.

5. கரும்பலகை

அறையில் ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால் அது கரும்பலகைதான். ஸ்மார்ட் போர்டு வந்த பள்ளியிலும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதிப் பழகுவது இதில்தான்.

பெரும்பாலான பழைய கட்டடங்களில் சுவரில் சிமெண்டு பூசிக் கறுப்படித்த பலகை இருக்கும். பெயிண்டர்கள் செய்கிற தவறு, மீதமிருக்கும் கறுப்பு எனாமலை அதன்மேல் இழுத்துவிடுவது. பார்க்க மினுமினுவென்று இருக்கும். எழுதினால் சாக்பீஸ் வழுக்கும், ஜன்னல் வெளிச்சம் பட்டால் பாதி வகுப்புக்கு எழுத்தே தெரியாது. கடையில் ‘பிளாக்போர்டு பெயிண்ட்’ என்றே கேட்டு வாங்குங்கள், அது பளபளக்காது. எட்டுக்கு நான்கு அடிப் பலகைக்கு இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் போதும், 300 ரூபாய் சுற்றி ஆகும்.

வேலை இப்படிப் போக வேண்டும். பழைய பலகையை ஈரத் துணியால் நன்றாகத் துடைத்து ஒரு நாள் காயவிடுங்கள். குழி விழுந்த இடத்தைச் சிமெண்டால் அடைக்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பட்டி பார்த்தால் பின்னால் அது தனியாகத் தெரியும், பெயர்ந்தும் வரும். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி துடைத்து, முதல் கோட்டு. அது முழுக்கக் காய்ந்த பிறகு, மறுநாள் இரண்டாவது கோட்டு. அதற்கும் இரண்டு நாள் விடுங்கள்.

இனிதான் பலரும் விடுகிற படி. புதுப் பலகையில் நேரடியாக எழுதிவிடாதீர்கள். ஒரு முழுச் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுவதும் வெள்ளையாகத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்தெடுங்கள். இப்படிச் செய்யாமல் எழுதினால் முதலில் எழுதின ‘அ’ அந்த வருடம் முழுக்க அழியாமல் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

பெயிண்டுக்கே காசில்லையா? கோவை இலையையும் அடுப்புக் கரியையும் சேர்த்து அரைத்துப் பூசும் பழைய வழி இன்றும் வேலை செய்யும், சில வாரம் தாங்கும். சில ஊர்களில் ஊமத்தை இலையைச் சேர்ப்பார்கள். அது விஷச் செடி. பிள்ளைகள் தொட்டுத் துடைக்கும் பலகையில் வேண்டாம், கோவை இலையே போதும்.

சில அறைகளில் சுவரின் கீழ்ப்பகுதியில் சுற்றிலும் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கீழ்மட்டக் கரும்பலகை இருக்கும். பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படித்த செயல்வழிக் கற்றல் காலத்தில் போட்டது. ‘பழசு, அசிங்கமா இருக்கு’ என்று அதன்மேல் எனாமல் அடித்து மூடச் சொல்வார்கள். விடாதீர்கள். பிள்ளைக்கு ஒரு கட்டம், உட்கார்ந்த இடத்திலேயே எழுதலாம் என்கிற வசதியைப் புதிதாகக் கட்ட ஆயிரக்கணக்கில் ஆகும். இருப்பதற்கு ஒரு கோட்டுக் கறுப்பு, கீழே ஒரு வெள்ளைப் பட்டை, அதில் வரிசை எண். ஒன்றிரண்டு கட்டங்களில் மட்டும் தமிழுக்கு இரட்டைக் கோடும் ஆங்கிலத்துக்கு நான்கு கோடும் மெலிதாக மஞ்சள் எனாமலில் போட்டுவையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் காலை பத்து மணிக்கு ஒரு தடவை, மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு தடவை, நான்கு மூலையிலும் தரையில் உட்கார்ந்து பலகையைப் பாருங்கள். எந்த இடத்தில் கண் கூசுகிறதோ அங்கே பாய் போடாதீர்கள். ‘ப’ வடிவில் உட்காரவைக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இந்தச் சோதனை அவசியம். இருபது பிள்ளைகள் உள்ள அறையில் அந்த வடிவம் அருமையாக இருக்கும். அறை குறுகலாக இருந்தால் இரண்டு கை வரிசைப் பிள்ளைகளும் நாள் பூராவும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது பலகை எழுத்துக்கு நேர் வரிசை, குழு வேலைக்கு வட்டம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

6. சுவர்: என்ன வரைவது, எவ்வளவு உயரத்தில்

ஐந்து வயதுப் பிள்ளை சுமார் மூன்றே முக்கால் அடி உயரம். நின்றால் கண் மூன்றே கால் அடியில் இருக்கும், பாயில் உட்கார்ந்தால் இரண்டடிக்கும் கீழே. நம் பள்ளிகளில் எழுத்துப் படங்கள் எங்கே இருக்கின்றன? ஆறடிக்கு மேல், தலைவர்கள் படத்துக்குப் பக்கத்தில். அதிகாரி வந்தால் அவர் கண்ணுக்கு நேராக இருக்கும். பிள்ளை படிக்க வேண்டியதை இரண்டடியிலிருந்து நான்கடிக்குள் வையுங்கள். நாலடிக்கு மேலே வெளிர் நிறம் மட்டும் போதும்.

சுவரை நிரப்பாமல் விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2014-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மழலையர் வகுப்புப் பிள்ளைகள் 24 பேருக்கு, நிறைய அலங்காரம் உள்ள அறையிலும் வெறும் சுவர் அறையிலும் மாற்றி மாற்றிப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். அலங்கார அறையில் பிள்ளைகளின் கவனம் அதிகமாகச் சிதறியது, பாடத்தில் கேட்ட கேள்விகளுக்குச் சரியான விடையும் குறைந்தது. சோட்டா பீமும் டோராவும் சுவர் பூராவும் ஓடும் அறையில் நீங்கள் பாடம் நடத்திப் பார்த்தால் ஆய்வே தேவைப்படாது. பலகை உள்ள சுவரை மட்டுமாவது துளி அலங்காரம் இல்லாமல் விட்டுவிடுங்கள்.

நிரந்தரமாகப் பெயிண்டில் வரையத் தகுந்தவை குறைவு: உயிரெழுத்து, ஒன்று முதல் நூறு வரை கட்டம், கதவோரம் உயரம் அளக்கும் அளவுகோல், தரையில் ஓர் எண்கோடு. இந்த எண்கோடு அருமையான முதலீடு. 0 முதல் 20 வரை ஒரு அடிக்கு ஒன்றாகப் போட்டால் தாழ்வாரத்தில் அடங்கும். பிள்ளை அதில் குதித்தே கூட்டலும் கழித்தலும் செய்யும். 247 எழுத்தையும் ஒரே சட்டத்தில் அடைப்பது வீண். அவ்வளவு சின்ன எழுத்தை நாமே கிட்டப் போய்த்தான் படிக்க வேண்டும். உயிர்மெய்யை நடத்த நடத்த ஒரு வரிசையாக அட்டையில் எழுதி மாட்டுங்கள்.

பிழை பார்ப்பதில் சோம்பல் கூடாது. பெயிண்டரும் ஃபிளெக்ஸ் கடையும் வழக்கமாகத் தவறுவது ‘ஔ’-வில். ஒ எழுதி, பக்கத்தில் முழு அளவு ள போட்டுவிடுவார்கள். படித்தால் ‘ஒள’. கேட்டால், "கம்ப்யூட்டர்ல அப்படித்தாங்க டீச்சர் வந்துச்சு" என்று பதில் வரும். அடுத்தது காலும் ர-வும். அழகுக்காக வளைத்து வளைத்து எழுதும்போது ‘பாடம்’ ‘பரடம்’ ஆகிவிடும். ண, ன, ந குழப்பம் தனி. பென்சிலில் எழுதினதும் உங்களைக் கூப்பிடச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, செல்போனில் படம் எடுத்து இன்னொரு ஆசிரியருக்கும் அனுப்பிக் காட்டிவிட்டு வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சுவரில் இருப்பதுதான் சரி.

பெயிண்ட் டப்பாவில் ஈயம் பற்றிய வரியைப் பாருங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த விவரமே அச்சிடாத மலிவு டப்பா வேண்டாம். பிள்ளைகள் சுவரைத் தொட்ட கையோடுதான் சாப்பிடுவார்கள். பழைய எனாமலைச் சுரண்டும்போது ஈரப்படுத்திச் சுரண்டி, தூளைக் கூட்டி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். உப்புப் பூத்த சுவரில் எனாமல் அடித்தால் ஐப்பசி மழையில் செதில் செதிலாக வரும். அந்த இடத்துக்குச் சுண்ணாம்பே நல்லது.

பெயிண்டர் கூலி எங்கள் பக்கம் நாளுக்கு 900 முதல் 1,200 வரை. படம் வரைகிறவர்கள் சதுர அடிக் கணக்கில் பேசுவார்கள். பெயிண்ட் யார் வாங்குவது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

7. கம்பிப் பந்தலும் களங்களும்

காலியாக விட்ட சுவர் போதாத அறையில் கம்பிப் பந்தல் கைகொடுக்கும். எதிரெதிர்ச் சுவர்களில் ஆணி அடித்து மெல்லிய ஜி.ஐ. கம்பியை மூன்று நான்கு வரிசை இழுத்துக் கட்டினால், பிள்ளைகளின் படங்களைத் துணி கிளிப் போட்டுத் தொங்கவிடலாம். உங்கள் தலையில் இடிக்காத உயரம், பிள்ளை அண்ணாந்து பார்த்தால் தன் பெயர் தெரிகிற உயரம். மின்விசிறியின் இறக்கையிலிருந்து நான்கடியாவது தள்ளி இருக்க வேண்டும், மின்வயர் ஓடும் பட்டையில் கம்பி உரசவே கூடாது. கம்பி நுனியை உள்பக்கம் மடக்கிவிடுங்கள்.

தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்புக்குக் கதைக் களம், பாடல் களம், படைப்புக் களம், பொம்மலாட்டக் களம் என்று வைக்கச் சொல்வார்கள். பெயர்ப் பலகை மட்டும் அச்சடித்து ஒட்டிவிட்டுக் கீழே ஒன்றும் வைக்காத அறைகள்தான் அதிகம். சின்ன அறையில் களத்துக்கு ஒரு மூலை என்றால் எங்கே போவது? படிப்பதற்கு ஒரு மூலை, கைவேலைக்கு ஒரு மூலை என நிரந்தரமாக வைத்துக்கொண்டு, மற்றதை அட்டைப் பெட்டிகளில் போட்டுத் தேவைப்படும்போது எடுங்கள். படிப்பு மூலையில் புத்தகத்தை அடுக்கிவைத்தால் முதுகு மட்டும்தான் தெரியும், வாசிக்கத் தெரியாத பிள்ளை எடுக்காது. ஜன்னல் கம்பியிலிருந்து கயிறு கட்டி, அட்டைப் படம் தெரிகிறபடி நடுவில் விரித்துத் தொங்கவிடுங்கள்.

அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரித்த பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள். உங்கள் குறிப்பேட்டில் இருந்தால் போதும். எந்தக் குழு தனக்கு ‘கீழே’ என்று பிள்ளைகள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

8. வாங்குவதும் தவிர்ப்பதும்

சார்ட் அட்டை ஒன்று 10 முதல் 15 ரூபாய். 20 வாங்குங்கள், வெளிர் நிறமாக. கறுப்பு, நீல ஸ்கெட்ச் போதும். சிவப்பும் மஞ்சளும் தூரத்திலிருந்து தெரியாது. துணி கிளிப் நான்கு டஜன், கம்பி அரைக் கிலோ, சணல் கயிறு ஒரு உருண்டை. கோரைப் பாய் வாங்கினால் ஓரம் துணி வைத்துத் தைத்ததாகப் பாருங்கள், இல்லாவிட்டால் தீபாவளிக்குள் பிரிந்துவிடும். பெயிண்டை விட்டுவிட்டுப் பார்த்தால், பலகையையும் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் ஓர் அறை முடியும், பாய் தனி.

தெர்மாகோல் எழுத்துகள் வேண்டாம். ஒரு மாதத்தில் பிள்ளைகள் கிள்ளிக் கிள்ளி எடுத்துவிடுவார்கள், சுலபமாகத் தீப்பிடிக்கவும் செய்யும். பிளாஸ்டிக் கொடித் தோரணமும் வேண்டாம். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் கொடியும் இருக்கிறது, அதைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடம் நடத்த முடியாது. சுவரில் செல்லோடேப் ஒட்டினால் உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும். மைதாப் பசை காய்ச்சினால் கரையானும் கரப்பானும் வரும். அதைத் தடுக்க மயில் துத்தம் கலப்பார்கள், அதுவும் விஷம். சுவரில் மேலும் கீழும் மரச்சட்டம் ஒன்று அடித்து, அதில் கிளிப்பிலோ குண்டூசி இல்லாத கொக்கியிலோ மாட்டுவதுதான் பல வருடத்துக்கு உதவும்.

9. முதல் நாளுக்கு முந்தைய சாயங்காலம்

எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவு) பட்டியலை வைத்துப் பிள்ளைகளின் பெயரை அட்டையில் பெரிதாக எழுதிவிடுங்கள். பிறப்புச் சான்றில் உள்ள எழுத்தையே தமிழில் கேட்டு எழுத வேண்டும். பட்டியலில் ஆங்கிலத்தில் இருப்பதை நாமாகப் படித்தால் ‘கனிஷ்கா’வா ‘கணிஷ்கா’வா என்று தெரியாது. அப்பா அம்மாவிடம் கேட்டு உறுதிசெய்யும்வரை பென்சிலில் இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயரை அட்டையின் பின்னால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் அழும் பிள்ளை அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கும். ஜூன், ஜூலையில் சேர்க்கை தொடர்ந்துகொண்டே இருக்கும், எனவே வெற்று அட்டை பத்து கூடுதலாக வெட்டி வையுங்கள். தாமதமாக வந்த பிள்ளைக்கு மட்டும் பெயரட்டை இல்லாமல் போகக் கூடாது.

கழிப்பறைக் கதவு உள்ளேயிருந்து தாழ் போட்டால் ஐந்து வயதுப் பிள்ளையால் திறக்க முடிகிறதா என்று நீங்களே பாருங்கள். இறுகிய தாழ் இருந்தால் கழற்றிவிட்டுக் கயிற்றுக் கொக்கி போடுங்கள். தண்ணீர் டம்ளர் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். காலை உணவு பரிமாறும் இடத்தில் கை கழுவச் சோப்பு இருக்கிறதா பாருங்கள். காலையில் பெற்றோர் வாசலிலேயே கூட்டமாக நிற்பார்கள், அவர்களுக்குத் தாழ்வாரத்தில் ஒரு பாய் தனியாக.

முதல் நாளே ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைச் சார்ட்டும் ஒரு கிரையானும் கொடுத்து எதையாவது வரையச் சொல்லி, மூலையில் பெயரும் தேதியும் நீங்கள் எழுதி, அன்று சாயங்காலமே கம்பியில் மாட்டிவிடுங்கள். மறுநாள் அழாமல் உள்ளே வர அதுவும் ஒரு காரணமாகும். இவற்றை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கழற்றியதைப் பிள்ளைக்கு ஒரு கவர் வைத்து அதில் போட்டுக்கொண்டே வந்தால், பெற்றோர் கூட்டத்தில் காட்ட வேறெதுவும் தேட வேண்டியதில்லை. முதல் பருவச் சார்ட்டுகளைக் காலாண்டு விடுமுறைக்கு முந்தைய நாள் இறக்கி, சுருட்டி, துண்டுப் பி.வி.சி. குழாய்க்குள் போட்டு இரண்டு பக்கமும் அடைத்து வையுங்கள். வடகிழக்குப் பருவமழை ஈரத்திலும் எலியிடமும் தப்பி அடுத்த ஜூனுக்கு அப்படியே கிடைக்கும்.